ராகுகாலம் கழித்து வாங்கிய மைல்கள்

இந்த வருடம் ஓகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தோம், நானும் என் மனைவி சுகந்தியும். சுகந்தியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து ஒன்பது வருடம். தினமும் ஃபோனில் இரண்டு மணித்தியாலம் முகம் பார்த்துப் பேசுவது கணக்கில் வராதாம்.

போவது என்று முடிவெடுக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. எப்படிப் போவது என்பதில்தான் சிக்கல். ஜனவரியில் சுகந்திக்கு முதுகுத்தண்டில் ஒப்பரேசன் நடந்தது. டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஒரே இருப்பில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, படுத்துப் போனால் போகலாம். முதல் விமானம் மட்டும் 12 மணித்தியாலம் 40 நிமிடம். விமானத்தில் படுக்க இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று பிஸ்னஸ் கிளாஸ். மற்றது தலைக்கு மேலே பெட்டி வைக்கிற தட்டு. சுகந்தியின் உடம்புக்குத் தட்டு சரிவராது என்று சொன்னேன். அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

பிஸ்னஸ் கிளாஸ் காசு கொடுத்து வாங்கினால் ஒரு வழிக்கு ஓர் ஆளுக்கு 5,350 டொலர். நான் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அந்த விலையைப் பார்த்ததும் எனக்கும் முதுகு வலித்தது.

அப்போதுதான் மகள் ஆரணி மைல் கதையைத் தொடங்கினாள். யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். அவள் பேசுவதில் பாதி ஆங்கிலம். எனக்கு விளங்காததற்கு அது காரணம் இல்லை, மற்றப் பாதியும் விளங்கவில்லை. மூன்று முறை கேட்டபின் விளங்கியதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். விமானக் கொம்பனி மைல் என்று ஒரு புள்ளி தருகிறது. அவர்களுடைய கிரெடிட் கார்ட்டில் அரிசி, மீன், பெற்றோல் வாங்கினால் புள்ளி சேரும். எங்களிடம் 41,000 சேர்ந்திருந்தது. ஒரு படுக்கை இருக்கைக்கு ஒரு வழி 90,000 மைலும் 410 டொலர் வரியும். இரண்டு பேருக்கு 1,80,000. குறைகிற 1,39,000 மைலைக் காசுக்கு வாங்கலாம். சாதாரண நாளில் வாங்குவது நட்டம். மே மாதம் ஒரு மலிவு விற்பனை போட்டார்கள்: 70,000 வாங்கினால் இன்னொரு 70,000 சும்மா. விலை 2,940 டொலர். வரியும் சேர்த்து இரண்டு பேரும் படுத்துக்கொண்டு போய்ச்சேர 3,760. திரும்பி வரும்போது சாதாரண வகுப்பு, ஆளுக்கு 980. அதற்குள் முதுகு சுகமாகிவிடும் என்று பாரத்தை முருகன் மேல் போட்டோம். முருகன் அதற்கு ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஆரணி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். முதலில் இருக்கை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பிறகுதான் மைல் வாங்கவேண்டும். மைலுக்குக் கொடுக்கிற இருக்கைகள் ஒரு விமானத்தில் இரண்டோ மூன்றோதான். இருக்கை இல்லாமல் மைலை வாங்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வது? ஊறுகாயா போடலாம்?

விற்பனையின் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு வர 2:45. ஆரணி கொம்பியூட்டரைத் திறந்தாள். 3:10க்கு நாங்கள் தேடிய நாளில் இரண்டு இருக்கை, பக்கத்தில் பக்கத்தில். நான் மௌசில் கை வைத்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய் மூண்டிலையிருந்து நாலரை மட்டும் ராகுகாலம். கையை எடுங்கோ."

"ராகுவுக்கு மைல் என்னத்துக்கு? அவர் சும்மாதானே சுத்துறார்."

"அம்மா, இற்ஸ் அ வெப்சைற்! ஜஸ்ட் கிளிக் பண்ண விடுங்கோ," என்றாள் ஆரணி.

"நீ பேசாமல் இரு பிள்ளை. என்ரை ஒப்பரேசனும் நல்ல நேரத்திலைதான் நடந்தது."

"அது ஆஸ்பத்திரி தந்த நேரமெல்லோ," என்றேன்.

"ஓம், நல்ல நேரமாப் பாத்துத் தந்தவை."

சுகந்தியைப் பகிடி பண்ணுகிறேனே தவிர, மௌசிலிருந்து கையை எடுத்தது நான்தான். ராகுவைப் பற்றிப் பகிடி விடுவேன். ராகுகாலத்தில் 2,940 டொலர் கட்டமாட்டேன். நீங்களும் அப்படித்தான், எனக்குத் தெரியும்.

நாலரை வரைக்கும் மூன்று பேரும் கொம்பியூட்டரைச் சுற்றிக் காவல் இருந்தோம். நாலரைக்குத் தேத்தண்ணி வந்தது, கூடவே வடையும். எண்ணெய்க் கையோடு தட்டக்கூடாது என்று கை கழுவினேன். கார்ட் காரில் கிடந்தது, எடுத்து வந்தேன். இரண்டு விரலால் பெயர், விலாசம் எல்லாம் தட்டி முடிக்க 4:58. அந்த நேரம் பார்த்துச் சுகந்தி சமையலறை நாட்காட்டியைப் புரட்டினாள். வீடு விற்கிற தரகர் ஒருவர் வருடாவருடம் இலவசமாகக் கொடுக்கும் நாட்காட்டி. கோட் போட்டுச் சிரிக்கிற அவருடைய படத்துக்குக் கீழே ரொறன்ரோ சூரியனுக்குக் கணித்த நேரங்கள் இருக்கும்.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ! இஞ்சத்தை நேரத்துக்கு ராகுகாலம் நாலு அம்பத்தேழிலையிருந்து ஆறு நாப்பத்தெட்டு மட்டும்!"

"அப்ப மூண்டு மணிக்கு இருந்தது?"

"அது ஊர்க் கணக்கு."

"அப்ப நாங்கள் காவல் இருந்த நேரம் முழுக்க நல்ல நேரமோ?"

சுகந்தி நாட்காட்டியை இன்னொரு முறை புரட்டினாள். தரகர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆரணி கதிரையிலிருந்து எழும்பி, "ஐ காண்ட்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

6:49க்குப் பார்த்தால் ஒரே ஓர் இருக்கை. மற்றதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். ராகுவுக்குப் பயப்படாத யாரோ. ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், முன்னுக்குப் பின்னுக்குத் தேடினோம், வேறு நாளில் ஒன்றும் இல்லை.

சுகந்தி படிக்கட்டில் இருந்துவிட்டாள். "எனக்கு வேண்டாம். ஒண்டும் வாங்காதேங்கோ. நான் தனிய முன்னுக்குப் போகமாட்டன். அக்காவுக்கு நானே சொல்லுறன்." அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஒன்பது வருடமும் அந்தப் படியில் அவளோடு இருப்பது போல இருந்தது. எனக்கு வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. அது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கீழே இறங்கி வந்த ஆரணிதான் கணக்கைத் திருப்பிப் போட்டாள். "அப்பா, வெயிற். இரண்டு பேருக்குப் போற மைல், அம்மாவுக்கு மட்டும் எண்டால் போறதுக்கும் வாறதுக்கும் அளவாக் காணும்." தேடினாள். ஐந்து கிழமை கழித்துத் திரும்பி வருகிற நாளில் ஓர் இருக்கை இருந்தது. அதே 2,940, அதே வரி. எனக்குச் சாதாரண வகுப்பில் போக வர 1,640 டொலர். மொத்தம் 5,400. பழைய திட்டத்தில் போனால் 5,720 ஆகியிருக்கும். 320 டொலர் மிச்சம், திரும்பி வரும்போது சுகந்தியின் முதுகும் மிச்சம். 7:05க்குப் பொத்தானை அழுத்தினேன். இருபது நிமிடத்தில் மைல் வந்து விழுந்தது, இருக்கைகளையும் எடுத்துவிட்டோம்.

"பாத்தியளே, ராகு என்ன செய்தவர் எண்டு," என்றாள் சுகந்தி. படியில் அழுதவளைக் காணவில்லை.

பயண நாள். விமானம் பிற்பகல் 3:05. மோர்னிங்சைட்டிலிருந்து விமான நிலையம் 38 கிலோமீற்றர், 401 நெடுஞ்சாலையில் 52 நிமிடம், 75 டொலர். அவளுக்கு 32 கிலோவில் இரண்டு பெட்டி, எனக்கு 23 கிலோவில் இரண்டு. அந்தச் செய்தி அஜின்கோர்ட் வரைக்கும் பரவி, மூன்று வீட்டார் ஊருக்குக் கொடுத்துவிட்ட பார்சல்களும் அதற்குள் இருந்தன. டாக்ஸி ஓட்டி வந்தவர் வல்வெட்டித்துறைத் தம்பி ஒருவர். பெட்டிகளைத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணை, பிஸ்னஸ் கிளாஸோ? லொத்தர் விழுந்ததோ?"

"இந்த அக்காவுக்கு மட்டும்தான் தம்பி. நான் பின்னுக்கு."

கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். "சண்டையோ அண்ணை?"

"இல்லைத் தம்பி, ராகு."

ராகு யாரோ ஓர் ஆள் என்று நினைத்துவிட்டார் போல. எங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் அக்கறையோடு விசாரித்தார்.

விமான நிலையத்தில் அவளுக்குத் தனி ஓய்வறை, சாப்பாடு இலவசம். என்னை விடமாட்டார்கள். வாசலில் இருந்து 19 டொலருக்கு ஒரு சான்ட்விச் சாப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் சுகந்தி கைப்பையைத் திறந்தபடி வந்தாள். கடதாசியில் சுற்றிய மூன்று கேக் துண்டு, ஒரு வாழைப்பழம்.

"உள்ளுக்கு ஆரும் பேச்சுக் குடுக்கினமில்லை. நான் உங்களோடையே இருக்கிறன்."

"படுக்க சோபா இருக்கே உள்ளை?"

"இருக்கு. ஆரும் படுக்கேல்லை. நான் மட்டும் எப்பிடிப் படுக்கிறது?"

வரப்போவதை நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும். விமானம் கிளம்பி இரண்டு மணித்தியாலம் கழித்து, 43ஆம் வரிசையில் நடு இருக்கையில் நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, இடுப்பைப் பிடித்தபடி சுகந்தி நிற்கிறாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏன், படுக்கேல்லையோ?"

"பக்கத்திலை ஒரு வெள்ளைக்கார ஆள். அந்தப்பக்கமும் ஆம்பிளை. அவையின்ரை முன்னாலை காலை நீட்டிப் படுக்கிறதோ? வெக்கமாக் கிடக்கு."

"அவையள் என்ன செய்யினம்?"

"குறட்டை."

"இஞ்சாரும், அந்த இருக்கைக்கு 90,000 மைல். நீர் நிமிர்ந்து இருந்து போறதுக்கு அது எதுக்கு? போய்ப் படும் எண்டுறன்!"

போனாள். அவள் படுத்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? திரைக்கு அந்தப் பக்கம் என்னை விடமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த பணிப்பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மனைவி முன்னால், முதுகு வெட்டியது, படுக்க வெட்கம் என்று மூன்று துண்டாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து அவ்வளவு தூரம் நடந்துவந்து என் காதருகே குனிந்து சொன்னது: கட்டிலை விரித்துப் போர்வை போர்த்திவிட்டேன், உங்கள் மனைவி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நித்திரை.

ஆறரை மணித்தியாலம் நித்திரை கொண்டாள். நான் ஒரு நிமிடமும் கொள்ளவில்லை. ஒரு பக்கத்து ஆள் என் தோளில் தூங்கினார், மறு பக்கத்து ஆள் கைப்பிடியை எழுதி வாங்கிவிட்டார். நடுவழியில் 3 மணித்தியாலம் 20 நிமிடம் தரிப்பு, பிறகு 4 மணித்தியாலம் 40 நிமிடம்.

கொழும்பில் அக்கா சக்கர நாற்காலி ஒன்றோடு வந்து வாசலில் நின்றார். நோயாளித் தங்கைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. சுகந்தி நிமிர்ந்த முதுகோடு நடந்து வெளியே வந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பின்னால் 110 கிலோவைத் தள்ளிக்கொண்டு, வளைந்த கம்பி மாதிரி நான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சக்கர நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, நீங்கள் இருங்கோ."

இருந்தேன். 43ஆம் வரிசையைவிட வசதி.

மைல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உடம்புக்குத் தேவை என்றால் வாங்குங்கள். ஆசைக்கென்றால் யோசியுங்கள், 5,400 டொலருக்கு ஊரில் நல்ல மெத்தையாகவே இருபது வாங்கலாம். மலிவு விற்பனை இல்லாத நாளில் வாங்கவேண்டாம். இருக்கையைக் கண்ணால் கண்டபின் வாங்குங்கள். மைல் கணக்கில் விழ சில வேளை இரண்டு நாள் ஆகுமாம், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்ட்டைக் காரில் வைக்காதீர்கள். வடை பிறகு சாப்பிடலாம். முன்னால் போகிறவரிடம் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள், அங்கே எல்லோரும் படுப்பார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று.

எந்த நேரத்தில் வாங்குவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். மூன்றே காலுக்கே வாங்கியிருந்தால் திரும்பி வரும்போது முதுகு முறிந்திருக்கும் என்கிறாள் சுகந்தி. கணக்குப் பார்த்தேன், என்னால் மறுக்க முடியவில்லை. அடுத்த வருட நாட்காட்டி கடைக்கு வந்துவிட்டது. தரகர் அதே கோட்டில் சிரிக்கிறார். இரண்டு எடுத்துவந்தேன். ஒன்று சமையலறைக்கு. மற்றதைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.