திராட்சைச் சக்கைக்கு ஒரு சாம்பிள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்தப் படிப்பை வைத்துத்தான் பனியன் கம்பெனி கட்டினேன். பொங்கலூரில் பன்னிரண்டு கறவை மாடுகளும் வாங்கினேன். சாம்பிள் பீஸ் தைத்துப் பார்க்காமல் எந்த ஆர்டரையும் ஓட்டியதில்லை.

ஒயின் ஆலையில் பிழிந்துபோட்ட திராட்சைச் சக்கை மலிவாகக் கிடைத்தது. என் மாடுகளைப் பார்த்துக்கொண்ட மதுரைப் பக்கத்துப் பெண், தன் ஒற்றைச் சினைப்பசுவையும் என் கொட்டகையில்தான் கட்டியிருந்தாள்.

"முதல்ல உன்ற மாட்டுக்கு வை. சாம்பிள் பாத்துக்கலாம்," என்றேன்.

"ஐயா, எனக்கு அது ஒண்ணுதான்யா. கொஞ்சமா வச்சுப் பாக்கட்டா?"

"கொஞ்சம் வெச்சா என்ன தெரியும்? மத்த தீனியை நிறுத்திப்போட்டுக் கூடை நெறையக் கொட்டு."

மறுநாள் பசு அசைபோடவில்லை. வயிறு உப்பி மூன்றாம் நாள் செத்தது.

"மாட்டு வயித்துல இருக்கற நுண்ணுயிருகதானுங்க தீனியைச் செரிக்க வெக்குது. புதுத் தீனிக்கு அதுக பழகோணும். நாளுக்கு ஒரு கையாக் கூட்டியிருக்கோணுங்க," என்றார் மாட்டு டாக்டர்.

அப்படியே கூட்டினேன். என் பன்னிரண்டும் நன்றாகக் கறக்கின்றன. ஊரே வந்து யோசனை கேட்கிறது. வருகிறவர்களுக்கு அவள்தான் அளவாகக் கலந்து காட்டுகிறாள். இன்னொரு மாடு கட்டிக்கொள்ளட்டுமா என்று போன வாரம் கேட்டாள். இடமில்லை என்றேன். அவள் பசு நின்ற இடத்தில் சக்கை மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன்.