இரைச்சல் உண்டா என்று கேட்டார்கள்

கெம்பம்மா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததை இத்தனை வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. கேழ்வரகு புடைத்தாலும் தலை வாரினாலும் முகம் கதவைப் பார்த்தபடிதான் இருக்கும். மகளைக் குளிப்பாட்டும்போதுகூட அண்டாவை அதற்கேற்ப நகர்த்திக்கொள்வாள். யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஆள் வருவது அவள் காதில் விழாது, அதுதான் காரணம்.

சூளகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் திம்மராயனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். 1952-இல், மகள் சாந்தம்மா தவழத் தொடங்கிய மாதம், இருமலில் ரத்தம் வந்தது. கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில், டி.பி. நோயாளிகளுக்கென்று தள்ளிக் கட்டியிருந்த கொட்டகையில் சேர்த்தார்கள். பிள்ளையைக் கிட்டே விடக்கூடாது என்றார்கள். தினமும் இடுப்பில் ஓர் ஊசி. பிழைத்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

சில வாரங்களில் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் ஓர் இரைச்சல் தொடங்கியது. பயந்துபோய்ப் பக்கத்துக் கட்டில் நாராயணம்மாவிடம் சொன்னாள். அவளுக்கும் அது இருந்தது. மருந்து உடம்பில் பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று அந்தக் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். இரைச்சல் வராதவள்தான் கவலைப்பட்டாள்.

டாக்டர் கட்டில் கட்டிலாக நின்று, காதில் இரைச்சல் உண்டா என்று கேட்பார். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். மூலைக் கட்டில் முனிலட்சுமி ஒருத்திதான் உண்டு என்றாள். அவளுக்கு ஊசியை நிறுத்தினார்கள். மழைக்காலம் முடியும் முன்பே அவளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

"டாக்டரு கேட்டா இல்லீங்கன்னு சொல்லு, கெம்பி," என்றாள் நாராயணம்மா. "பொய் சொன்னா ஆயுசு நீளும்னா, எங்க மாமியா நூறு வருசம் இருப்பா."

இருவரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

டாக்டர் வந்தபோது, இரைச்சலுக்கு நடுவே அவர் கேள்வியைப் பொறுக்கி எடுத்து, இல்லை என்றாள் கெம்பம்மா. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். முதலில் வளையல் சத்தம் போனது. பிறகு அணில் கத்துவது. பெங்களூர் ரோட்டு லாரிகளின் உறுமலும் கம்பவுண்டரின் கட்டைக் குரலும் கேட்டுக்கொண்டிருந்ததால், காது நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணினாள். வீட்டுக்குப் போனால் இரைச்சலும் நின்றுவிடும் என்றிருந்தாள்.

மறு வருஷம், சளியில் கிருமி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாந்தம்மா வீடெங்கும் ஓடித் திரிந்தாள். முதலில் அம்மாவைக் கண்டு ஒளிந்தாள். மெல்ல மெல்லப் பழகி மடிக்கு வந்தாள், சிரித்தாள், வாயை அசைத்தாள். கெம்பம்மா பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். புருஷனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"புள்ளைக்கு ரெண்டு வயசாகப் போகுது. பேச்சே வரலையே. எங்கிட்ட ஏன் நீங்க சொல்லலை?"

திம்மராயன் அவளையே பார்த்தான். அவனுக்குக் கனத்த குரல். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது.

"காலையிலேர்ந்து அம்மா, அம்மான்னு உன்னைத்தானே கூப்ட்டுக்கிட்டு இருக்குது."

கெம்பம்மா உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி, அதன் வாயைத் தன் காதோடு வைத்துக்கொண்டாள். சூடான மூச்சு மட்டும் பட்டது.

அடுத்த இரண்டு வருஷங்களில் லாரிச் சத்தமும் புருஷன் குரலும் போயின. நாராயணம்மாவும் பிழைத்துக் குந்தாரப்பள்ளியில் இருக்கிறாள், அவளுக்கும் கேட்காது. சாந்தம்மாவுக்கு இப்போது எட்டு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். கெம்பம்மாவுக்கு இருமல் இல்லை. மகள் பேசி அவள் இதுவரை கேட்டதில்லை.