ஒவ்வொரு கூடைக்கும் முதலிலிருந்து

என் கம்ப்யூட்டர் பழசு, அதனால்தான் எங்கள் எஸ்டேட்டில் எடை போடத் தாமதமாகிறது என்று இந்த மின்னஞ்சல் குழுவில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். தவறு. கம்ப்யூட்டர் போன வருடம் வாங்கியது. மந்தமாக ஓடுவது, கணவர் மறைந்த பிறகு புத்தகம் பார்த்து நானே எழுதிய புரோகிராம்.

இன்று மாலை காப்பிப் பழம் பறித்த பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வோர் எடையையும் பதிந்ததும் திரை அப்படியே உறைந்தது.

"ஏனுங்கம்மா, பொட்டி தூங்குதுங்களா?" என்றாள் செல்வி.

"தூங்கல கண்ணு, கணக்குக் கூட்டுது."

"அது கூட்டி முடிக்கிற வரைக்கும் தலைச்சோலை பஸ்ஸு நிக்குமுங்களா?"

நிற்கவில்லை. எல்லோரும் மலைப்பாதையில் நடந்தே போனார்கள். என்னால் ஒரு டார்ச் மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

சீசன் தொடக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் சீசன் முழுவதையும் முதலிலிருந்து கூட்டிச் சரிபார்க்கும்படி எழுதியிருக்கிறேன். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் கற்றுத்தந்த முறை அது. விட மனம் வரவில்லை. நேரம் அதில் போகிறதா, புரோகிராமின் வேறு வரியிலா என்று அளந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நாளையும் செல்வி வருவாள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லாமல், எப்படி அளப்பது என்று தெரிந்தவர்கள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.