கரைமாறிகளுக்குச் சொந்தத் தரை இல்லை

சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் சாரம் கட்டினேன். கடல் காற்று ஆளையே பிடுங்கி எறிகிற உயரத்தில், கையுறைகூடக் கொடுக்காத காலத்தில் கட்டினேன். பிறகு சாரம் கட்டுகிற ஆட்களுக்கே கெப்பாலா ஆனேன். கும்பலுக்குத் தலைவனாக இருப்பவனை இங்கே அப்படித்தான் சொல்வோம். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சாப்பாட்டுக்கடை போட்டேன். வருஷம் தாங்காது என்று சொன்னவர்கள் இன்று அங்கேதான் வந்து மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்கள். கேலாங்கில் வீடு வாங்கினேன். மகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தேன். இவ்வளவையும் செய்தது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு ஆள். இதெல்லாம் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியாக நான் செய்த ஒன்றுதான் யாருக்கும் தெரியாது. நான் ஒரு இனத்தையே உண்டாக்கினேன். கரைமாறிகள் என்று பெயர். அழகான பெட்டிக்குள் அச்சடித்துக் கடைகளில் விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கடையின் கீழ்த்தளத்தில் நிற்க இடம் இருக்காது. துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வருகிற நம் ஆட்கள் கைபேசியில் வீட்டோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். மேல்மாடியில் அரிசி மூட்டை அடுக்கிய ஒரு அறை இருந்தது. நண்பர்களோடு விளையாட வேண்டும், ஒழித்துக் கொடுங்கள் என்று என் மகள் மலர் கேட்டாள். கேரம் போர்டு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் டீ கொண்டுபோய் வைக்க ஏறினேன். பேங்கில் பெரிய வேலை பார்க்கிற என் மகள், "நான் செத்துட்டேன் லா" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தாள். எதிரே கண்ணாடி போட்ட சீனர் ஒருவர், "நோ, நோ, யூ ஸ்டில் கேன் ரோல்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னார். நம் பக்கமாக இருந்தால் திருநீறு போட ஆள் கூப்பிட்டிருப்பேன்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் நுழைவார்கள். சண்டையோ பேரமோ, எதுவானாலும் பகடை உருட்டித்தான் ஜெயிக்க வேண்டும். கதைக்குள் பல இனங்கள். காட்டுக்குடி நெடுங்காலம் வாழும், இருட்டில் பார்க்கும், தூரத்திலிருந்தே அம்பு விடும். மலைக்குடி குள்ளம், ஆனால் பலசாலி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சொந்தத் தரை உண்டு. காட்டுக்குடிக்குக் காடு, மலைக்குடிக்கு மலை. சொந்தத் தரையில் நிற்கிறவன் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். வேற்றுத் தரையில் ஒற்றைப் பகடைதான். இந்த ஆட்டத்தை இவர்கள் கடையில் வாங்கவில்லை, சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். எந்த இனமும் மற்றதைவிட ஓங்கிவிடக் கூடாது, எதை எடுத்தாலும் சமமாக ஆட முடிய வேண்டும் என்பதற்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீனர்தான் தலைமை. வெய் ஜியே என்று பெயர், தோ பாயோ பேட்டைக்காரர்.

ஒரு வாரம் ஆள் குறைந்தது. என்னை உட்காரச் சொன்னார்கள். "வாட் ரேஸ் யூ வான்ட், அங்கிள்?" என்று வெய் ஜியே கேட்டதும் நான் இனம் அச்சடித்திருக்கிற ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொய். சட்டைப்பையில் கை வைத்தது உண்மை, அவ்வளவுதான். இனக் கணக்கு ஒன்றும் எனக்குப் புதிதில்லை. எங்கள் அடுக்குமாடியில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. வீடு வாங்க அலைந்தபோதே அதை நான் படித்தாயிற்று. என்னிடம் மலைக்குடியைக் கொடுத்தார்கள். தோற்றேன். தோற்றால் பேசாமல் எழுந்து போகிற ஆள் நானில்லை.

"இந்தக் காட்டுக்குடிக்கு எல்லாமே அள்ளிக் குடுத்திருக்கீங்களே?" என்றேன்.

"பேலன்ஸ் ஆல்ரெடி லா, அங்கிள். ஐ டெஸ்ட் மெனி டைம்ஸ்."

"டெஸ்ட் பண்ணப்போ நீ எந்த இனத்த எடுத்து ஆடுனே?"

மலர் கேள்வியை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். காட்டுக்குடி என்றார் வெய் ஜியே. அதை எழுதினது யார் என்று கேட்டேன். வெய் ஜியே மெதுவாகத் தன்னையே காட்டிக்கொண்டார். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

துவாஸில் நான் இருந்தபோது புது ஆட்கள் வந்து இறங்கினால் இரண்டு கும்பலாகப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு நான் கெப்பாலா, இன்னொன்றுக்கு ஆ லெங் என்ற சீனர். பிரிக்கிறவன் நல்ல தோள்களையெல்லாம் தன் பக்கம் நிறுத்திக்கொள்வான். காலையில் வேலை தொடங்குமுன்பே சண்டை தொடங்கிவிடும். கடைசியில் ஒரு வழக்கம் வந்தது. ஒருவன் பிரிக்க வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பாருங்கள், பிரிக்கிறவன் தங்கத்தை நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பிரித்தான். இதை முதலில் சொன்னது நானா ஆ லெங்கா என்று கேட்டால் அதற்கும் ஒரு சண்டை உண்டு. மாடி அறையில் சொன்னது நான்தான். இனத்தை எழுதினவர் அதை ஆடக் கூடாது. மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். வெய் ஜியேவுக்கு என் மலைக்குடி வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே மலைக்குடிக்குப் புதுப் பலம் இரண்டு ஏறியிருந்தது. காட்டுக்குடி இருட்டில் தடுமாறத் தொடங்கியது.

அப்புறம், என் இனம் எங்கே என்று கேட்டேன். நீங்களே ஒன்று செய்யுங்கள் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல மலர் மடிக்கணினியில் தட்டினாள். வெயில் தாங்குவார்கள். தூக்கம் கொஞ்சம் போதும். எந்தப் பாஷையையும் காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். தங்கள் எடையைப்போல் இன்னொரு பங்கு தூக்குவார்கள்.

"அப்பா, இது நீங்கதானேப்பா" என்றாள்.

"நான் இல்ல. நம்ம ஆளுங்க."

கரைமாறிகள் என்ற பெயரும் என்னுடையதுதான். சொந்தத் தரை என்ன என்று கேட்டார்கள். புறப்பட்ட கரையும் சேர்ந்த கரையும், இரண்டும் என்றேன்.

அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் கரைமாறிதான் வேண்டும் என்றார்கள். என் சட்டப்படி நான் மட்டும் அதைத் தொட முடியாது. காட்டுக்குடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அசுரன் வந்தான், தோற்றான். வெள்ளம் வந்தது, நீந்திப் போனார்கள். கதையில் கஷ்டம் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெய் ஜியே மட்டும் தலையைச் சொறிந்தார்.

"டூ ஸ்ட்ராங், அங்கிள். மஸ்ட் கட் சம்திங்."

எதை வெட்டுவது? வெயில் தாங்குவதை விட மாட்டேன் என்றேன். பாஷையை விட மாட்டேன், பாரத்தை விட மாட்டேன். எல்லாம் பட்டுச் சம்பாதித்தது. மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்போ ரெண்டு கரையில ஒண்ணைக் குறைச்சிரலாம்பா. எந்தக் கரை வேணும், சொல்லுங்க."

சாதாரணக் கேள்விதான். இந்தக் கரை என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தின நாள் டாக்சி ஓட்டியவர் நினைவுக்கு வந்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, நல்ல மனதோடுதான், "அங்கிள், வென் யூ கோ பேக் இந்தியா?" என்று விசாரித்தார். அவர் பிறப்பதற்கு முன்பே நான் இந்த மண்ணில் சாரம் கட்டியிருப்பேன். சரி, அந்தக் கரை என்று சொல்லலாம் என்றால், அறந்தாங்கியில் நடந்த அக்கா மகன் கல்யாணம் வந்து முன்னால் நின்றது. திருச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்றுதான் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் எனக்கு மட்டும் துணி போர்த்திய நாற்காலி, எனக்கு மட்டும் பாட்டில் தண்ணீர். காலைத் தொட்டுக் கும்பிட்ட மாப்பிள்ளை நிமிர்ந்ததும் கேட்டது, "எப்ப மாமா திரும்புறீங்க?" பெரியவர்கள் கூடி வீட்டுச் சொத்தைப் பற்றிப் பேசியபோது நானும் ஒரு வார்த்தை சொல்லப்போனேன். "சிங்கப்பூர்க்காரருக்கு இதெல்லாம் எதுக்கு? நீங்க சாப்பிடுங்க" என்று இலை போட்டுவிட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இலையில்கூட எனக்கு இரண்டு இனிப்பு.

மாடி அறையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"ரெண்டுமே வேணாம். எழுதிக்க. எங்க ஆளுங்களுக்குச் சொந்தத் தரையெல்லாம் தேவையே இல்ல. எங்க விட்டாலும் ஒத்தப் பகடையிலயே ஜெயிப்பாங்க."

"ஷ்யூராப்பா?"

"எழுதும்மா."

எழுதினாள். ஆடிப் பார்த்தார்கள். தராசு முள் நடுவில் வந்து நின்றதுபோல் எல்லா இனமும் சமமாகிவிட்டது. வெய் ஜியே எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி அச்சாகிக் கடைகளில் விற்கத் தொடங்கிய பிறகுதான் என் கைக்கு ஒன்று வந்தது. புத்தகம் முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் ஆட்டத்தைச் செய்தவர்கள் பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் இருக்கும் பேட்டை. பட்டியல் முடிந்த பிறகு, அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி. மலர் படித்துச் சொன்னாள்: சாப்பாட்டுக்கும் மாடி அறைக்கும் மலரின் அப்பாவுக்கு நன்றி.

"உங்களையும் போட்டிருக்கோம் பாருங்கப்பா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆனாலும் பெட்டியைக் கீழே எடுத்துக்கொண்டு போனேன். காட்டாமல் இருக்க முடியுமா? சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகேசன் கண்ணில் பட்டான். மன்னார்குடிப் பக்கத்து ஆள். நான் விட்ட சாரம் கட்டும் வேலையைத் துவாஸில் இப்போது அவன் செய்கிறான். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டடம் எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று கைபேசியில் படம் காட்டாமல் அவன் ஒரு ஞாயிறும் என் கடையை விட்டுப் போனதில்லை. கரைமாறியின் படத்தைப் பார்த்ததும் எச்சில் கையோடு துள்ளினான்.

"அண்ணே, நம்மாளு மாதிரியே இருக்கான்ணே! டேய், இங்க பாருங்கடா!"

வெயில், பாஷை, பாரம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, மேசையே ஆரவாரம் செய்தது. பகடைச் சட்டத்தையும் சொன்னேன்.

"அப்ப ஊருக்குத் திரும்பி வந்துட்டா இவனுக்கு ரெண்டு பகடை. சரிதானேண்ணே?"

"இல்லடா. ஒண்ணுதான்."

"பொழைக்கப் போன எடத்துல?"

"அங்கயும் ஒண்ணுதான்."

"ஊருலயுமாண்ணே?" முருகேசன் சிரிக்கவில்லை. "தன் ஊருலயே ஒருத்தனுக்கு ஒத்தப் பகடையா? எவன் எழுதுனது இத?"

"நான்தான்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தான். "ஒங்க பேரே இல்லையேண்ணே. சோறு போட்டதுக்கு நன்றின்னுல்ல போட்டிருக்கு." மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். "அளக்காதீங்கண்ணே. மாடிக்கு வர்ற இந்தச் சீனத் தம்பிதான் எழுதியிருக்கும். நம்மளப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

பெட்டியை மூடி என் பக்கமாகத் தள்ளினான். சாப்பாட்டுக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான். வீட்டுப் படத்தைக் காட்டவில்லை.

அன்றே மாடிக்கு ஏறி மலரிடம் சொன்னேன், அந்த ஒற்றைப் பகடை வரியை எடுத்துவிடு என்று.

"எடுத்தா கேம் உடைஞ்சிரும்பா. வாங்கினவங்க எல்லாம் அந்த ரூல்தான் பெஸ்ட்னு எழுதுறாங்க, தெரியுமா?"

"ஒரு கரையாவது குடும்மா அவங்களுக்கு."

"சரி. செகண்ட் பிரிண்ட்ல மாத்திரலாம். எந்தக் கரை?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. தட்டுவதற்குத் தயாராக விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். வீம்புக்காக ஒரு நிமிஷத்தில் விட்டெறிந்ததைத் திரும்ப எடுக்க எனக்குத் தெரியவில்லை. சாரமாக இருந்தால் தப்பாகப் போட்ட கம்பைக் கழற்றி மாற்றிக் கட்டியிருப்பேன். இது பெட்டி பெட்டியாகப் போய்விட்டது. யார் யாரோ, எந்த எந்த ஊரிலோ, கரைமாறியை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குள் நுழைந்து ஒற்றைப் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் இதைக் கேட்கிறேன். மலர், நீ வெய் ஜியேவுக்குப் படித்துச் சொல்லு. அந்த ஒற்றைப் பகடை வரி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை எழுதியது வெய் ஜியே இல்லை. முருகேசன் திட்டுவதென்றால் அதை எழுதினவனைத் திட்டட்டும். ஒன்றும் தெரியாத மனிதர் எதற்கு என் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும்? சாப்பாட்டுக்கு நன்றி என்கிற வரியை அடித்துவிடுங்கள். பசித்தவர்களுக்குப் போட்டேன், அதற்கு நன்றி கேட்டேனா? ஆட்டத்தைச் செய்தவர்கள் பட்டியலில், வெய் ஜியே பெயர் என்ன அளவோ அதே அளவு எழுத்தில், சி. கருப்பையா என்று போடுங்கள். மற்றவர்களுக்குப் போட்டதுபோல் பக்கத்தில் ஊரும் போட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு ஊருக்குத்தான் இடம் இருக்கிறது என்று சொல்வீர்கள். எழுத்தை நெருக்கிப் போடுங்கள், இல்லையென்றால் வரியை நீட்டுங்கள், அது உங்கள் பாடு. அறந்தாங்கி, சிங்கப்பூர். இரண்டும் வர வேண்டும்.