இங்ரிட் கொடுத்த ஸ்வெட்டர்

ஸ்வீடனில் எங்கள் அலுவலகத்தில் இது பழைய துணி வாரம்; கிழிசலுக்குத்தான் மரியாதை. இந்த ஊர்க்காரர்கள் முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டும், அண்ணன் போட்டுக் கழித்த சட்டையுமாக வந்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பூரித்துப்போகிறார்கள். ஒரு புதுச் சட்டைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இஸ்திரி போட்ட புதுச் சட்டையில் நின்றுகொண்டு அதைத் திருடி மாதிரி படித்தேன். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊர் தொண்டூரில் என் நைனா பெரிய வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்தார். அந்த வீட்டில் கழித்துப்போட்ட துணிதான் எங்களுக்குத் தீபாவளி. அந்த வீட்டுப் பெண்ணும் என் வகுப்புதான். கலர் டிரெஸ் போட்டுப்போன ஒரு நாள், "அய்ய, இது என் பாவாடை!" என்று எல்லோர் முன்னாலும் பிடித்து இழுத்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த யூனிபார்ம் ஒன்றுதான் யாரும் போட்டு அவிழ்க்காத துணி; ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே திரிவேன். எனக்கு வேலை கிடைத்ததும் நைனா செஞ்சி பஜாருக்கு அழைத்துப்போய்ச் சுடிதார் எடுத்துக்கொடுத்தார். "இனிமே எவ போட்டதையும் நீ போடக்கூடாது பாப்பா" என்றார். கடையிலேயே அழுதுவிட்டார், மனுஷன்.

என் மேலாளர் இங்ரிட் நல்லவள். நேற்று தன் பழைய நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். "வேண்டாம், அடுத்தவர் துணியை நான் போடுவதில்லை. அப்பா வருத்தப்படுவார்" என்றேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. "இரண்டு முறை துவைத்துவிட்டேன், சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றாள். அடிப்பாவி, அழுக்கா பிரச்சினை? எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று இந்த மாதம் அவள்தான் முடிவெடுக்கப்போகிறாள். வேலை போனால் விசாவும் போச்சு. வாங்கிப் போட்டுக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது, பாழாய்ப்போனது.

சாப்பாட்டு நேரத்தில் நைனா வீடியோவில் கூப்பிட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தார்.

"சொட்டரு புதுசா பாப்பா?"

"ஆமா நைனா, புதுசு."

"பாத்தியா, எம்பொண்ணு புதுசத் தவிர போட மாட்டா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதற்குள் இங்ரிட் வந்து என் தோளில் கைபோட்டு அவருக்குக் கையசைத்தாள். அப்பாவுக்கு ஸ்வெட்டர் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். யாரென்று நைனா கேட்க, எங்க மேனேஜரம்மா என்றேன். உடனே போனைப் பக்கத்து ஆள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையும் கூப்பி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். பழைய துணி வாங்கும்போது பெரிய வீட்டு வாசலில் போடுவாரே, அதே கும்பிடு.