ரெண்டு கட்டை இறக்கி: மரக்காணத்தில் மூணாம் கியர்

புதுச்சேரி பக்கத்தில் வளர்ந்து, இப்போது நாற்பதைத் தாண்டியவர்களில் சிலருக்காவது 'மூணாம் கியர்' ஞாபகம் இருக்கும். தமிழில் ராக் பாடிய நாலு பேர். இரண்டே கேசட்டோடு கலைந்துபோனவர்கள். அவர்கள் மரக்காணத்தில் ஒரே ஒரு மாலை மறுபடி வாசிக்கப் போகிறார்கள் என்று மார்ச் முதல் வாரம் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அன்றைக்கே இரண்டு டிக்கெட் போட்டேன், தலைக்கு நானூறு ரூபாய். ஒன்று எனக்கு, இன்னொன்று என் அண்ணன் ஜெரோமுக்கு.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அண்ணனுக்குக் காது கேட்பது குறையத் தொடங்கியது. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் தாழ்ந்த, கனமான சத்தங்கள் மட்டும் மங்கலாக விழும், மேலே ஏறும் கீச்சுச் சத்தம் எதுவும் எட்டாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். ஏப்ரலில் வலது காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "பேச்சு நல்லாப் புரிய ஆரம்பிக்கும். ஆனா மிச்சமிருக்கிற இயற்கையான கேக்குற சக்தி போயிடலாம். பாட்டு பழைய மாதிரி கேக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை எனக்கு விளக்கிவிட்டு அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குள்ள இவனுங்கள ஒரு தடவ கேட்டுடலாமா, லூசி?"

சனிக்கிழமை காலை 10.20க்குத் திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். மரக்காணம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். 1.10க்கு இறங்கினேன். மாமல்லபுரம் தாண்டும்வரை நெரிசல், அதன்பிறகு உட்கார இடம் கிடைக்கும். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஊர் நெருங்கும்போது உப்பளங்கள் தெரியும். இடது பக்கம் கடல் தெரியும் என்று நம்பி ஏமாறாதீர்கள், பெரும்பாலும் சவுக்குத் தோப்பும் மதில் சுவரும்தான்.

அண்ணன் வானூரிலிருந்து வந்து எனக்கு முன்பே காத்திருந்தான். அயர்ன் பண்ணிய கறுப்புச் சட்டை. அண்ணன் என்றாலும் மூன்று வயதுதான் மூப்பு, வா போ என்றுதான் பேசுவேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு 380 ரூபாய். மீன் அன்றைக்குப் பிடித்தது, குழம்பு சுமார்தான்.

கச்சேரி உப்பளத்தை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார்.

"இன்னா நிகழ்ச்சிங்க? காலையிலேருந்து ஆளுங்க போய்க்கினே இருக்காங்க. ஆர்கெஸ்ட்ராவா?"

"ராக் பேண்டுங்க. பழைய பேண்டு."

"எல்லாம் தலை நரைச்சவங்களா இருக்காங்களேன்னு பாத்தேன்" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்கள சொல்லலீங்க" என்றார்.

அவர் சொன்னதை அண்ணனுக்கு வாயசைத்துக் காட்டினேன். தோப்பு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

இந்தப் பேண்டை நாங்கள் முதன்முதலில் பார்த்ததும் இதே பக்கத்தில்தான். நான் பிளஸ் ஒன் படித்த வருடம், ஒரு மாதா கோயில் திருவிழாவில். வர வேண்டிய பக்திப் பாடல் குழுவின் வேன் வழியில் நின்றுவிட, உபதேசியாரின் தங்கை மகன் தன் கூட்டாளிகளை மேடை ஏற்றிவிட்டார். இரண்டாவது பாட்டுக்குள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பங்குச் சாமியார் மட்டும் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிடித்து உட்கார்ந்தாரா, காவலுக்கு உட்கார்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது. கடைசியாக 'மூணு மணி வெயில்' பாடினார்கள். அந்தப் பாட்டின் முடிவில் பாடகர் குரலை ஏற்றி ஏற்றி, ஒரே மூச்சில் ஒரு ஓலம் பிடித்தார். என் கையில் மயிர் எழுந்து நின்றது. அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். வீடு திரும்பும் வழியெல்லாம் மொபெட்டை ஓட்டிக்கொண்டே அந்த ஓலத்தைப் பிடிக்கப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்து இருமினான்.

இந்த முறை கூட்டம் முந்நூறு பேர் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்டல் வண்டி, தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு மரப்பலகை மேடை. மேடைக்குப் பின்னால் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து சவுண்டுக்காரர் தன் மிக்ஸரைப் பாலிதீன் உறையால் போர்த்திவிட்டு, கையை மட்டும் உள்ளே விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த உப்பளப் பெண்கள் நாலைந்து பேர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தேகாலுக்கு ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் பழைய வேகம்தான். கிட்டார்காரருக்கு விரல் ஒன்றிரண்டு இடங்களில் தடுமாறியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் மூன்றாவது பாட்டில் எழுந்து ஆடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் வலது காதில் மாட்டியிருந்த காது கேட்கும் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா?"

"விசில் அடிக்குது. எல்லாம் ஒண்ணா கொரகொரன்னு இருக்குது." கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தான். "சும்மா வாயசைக்கிற மாதிரி இருக்குதுடி. போலாமா?"

கூட்டி வந்ததே தப்போ என்று தோன்றியது. சவுண்டுக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பாலிதீனுக்குள்ளிருந்து கையை எடுத்து மேடையின் இடது ஓரத்தைக் காட்டினார்.

"பேஸ் பாக்ஸ் அங்க இருக்குதுக்கா. சேரைப் போட்டு உக்கார வையுங்க. கையை மேடைப் பலகை மேல வெச்சுக்கச் சொல்லுங்க, அதிர்வு தெரியும்."

அப்படியே செய்தோம். அண்ணன் உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டான். ஏழெட்டுப் பாட்டுகள் போயின. காலால் தாளம் போட்டானே தவிர, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடகர் மைக்கை இழுத்து, "மூணு மணி வெயில்" என்றார். எல்லோரும் எழுந்தோம். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"உண்மையச் சொல்லிடறேன். அந்தத் தொண்டை இப்ப இல்ல. சுதிய ரெண்டு கட்டை இறக்கித்தான் பாடப்போறேன். கோச்சிக்காதீங்க."

கூட்டத்தில் 'அய்யோ' என்று ஒரு முனகல். என்னுடையதும் அதில் உண்டு. பாட்டு ஆரம்பித்தது. மெதுவாக, அடித்தொண்டையில், ஏறக்குறைய பேசுகிற மாதிரி. அந்த ஓலம் இனி வராது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் உட்காரவில்லை. எழுந்து, வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, கண்ணை மூடி நின்றிருந்தான். உதடுகள் அசைந்தன. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுதானே, தானாகப் பாடிக்கொள்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்தில், 'அப்பன் திட்டினா திட்டட்டும்' என்று வரும் பழைய வரியைப் பாடகர் 'மகன் திட்டினா திட்டட்டும்' என்று மாற்றிப் பாடினார். அண்ணன் கண்ணைத் திறந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏய் லூசி, மாத்திட்டான்டி! மகன்னு பாடறான்!"

தொண்டை கிழியக் கத்தினான். முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. பாடகரும் பார்த்தார், பாடிக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். உயரத்தில் பாடியிருந்தால் அந்தக் குரல் அண்ணனுக்கு எட்டியே இருக்காது. இறங்கி வந்ததால், அவன் காதில் மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. பாட்டு முடியும்வரை அழுதுகொண்டே பாடினான். நான் பாடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் 'பாட்டையே கொன்னுட்டாங்க' என்று பலர் எழுதினார்கள். ரசிகையாக எனக்கும் அந்த ஏமாற்றம் உண்டு. ஆனால் அவர்களோடு சேர்ந்து எழுத மனம் வரவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உப்பளத்தில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மதியம் 12 முதல் 4 வரை உப்பின் வெள்ளை கண்ணைக் கூச வைக்கும், மாலையில் போங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு. வரப்பில் நடக்கும் முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். கடலோரக் கச்சேரி என்றால் காற்று ஒலியை அள்ளிப் போய்விடும், பின் வரிசை வேண்டாம். திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். நாங்கள் பேசி வைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கருவியை இயக்கிய முதல் வாரம் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதாகச் சொன்னான். பாட்டு இன்னும் பாட்டாகக் கேட்கவில்லை, போட்டால் நிறுத்தச் சொல்கிறான். தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. காது போனதிலிருந்து அவன் போனில் பேசியதே இல்லை என்பதால், ஏதோ கெட்ட செய்தி, அண்ணிதான் பேசுகிறாள் என்று பதறி எடுத்தேன்.

"லூசி, நாந்தான். ஏதாவது பேசு."

காலையில் இட்லி செய்ததைச் சொன்னேன்.

"இட்லியா? தொட்டுக்க என்னா?"

"சட்னி."

"என்னா சட்னி?"

தக்காளிச் சட்னி. அதை மட்டும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.