இரண்டு கோட் சில்வர் பெயிண்ட்

ஆயுத பூஜை வந்தால், லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்கும் வேலையை என் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெண் பிள்ளை, கை அழகாக வரும் என்பார்கள். நான் தலைவலி என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அப்பாவின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை. இங்கே எழுதிவிட்டால் இனி யாருக்கும் வாயால் சொல்ல வேண்டாம், பாருங்கள்.

அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்பிடிப் படகல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு தமிழர், பென்ஷன் வாங்கிய பிறகு ஆசைக்கு வாங்கியது. பிரெஞ்சு மரியாதையில் அவரை முசியே என்போம். பாதி வருடம் பிரான்சில் இருப்பார். அவர் இல்லாதபோது படகுக்கு எல்லாமே அப்பாதான். எங்களுக்குச் சோறு போட்டதும் அந்தப் படகுதான்.

கடல் தண்ணீர் படகின் அடியில் இருக்கும் உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். காற்றில்லாதபோது இன்ஜின் சுழற்றும் புரொப்பல்லரைக் காப்பாற்ற, அதன் பக்கத்தில் வேறொரு உலோகத் துண்டைத் திருகி வைப்பார்கள். ஆனோடு என்று பெயர். அரிப்பு முதலில் அதைத் தின்னும், புரொப்பல்லர் தப்பிக்கும். கரைந்து தீர்ந்ததும் புதிதாக ஒன்று மாட்ட வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மழைக்காலத்துக்கு முன் படகைக் கரையேற்றியபோது ஜிங்க் துண்டு ஒன்று, அலுமினியத் துண்டு ஒன்று, இரண்டுமே கைவசம் இருந்தன. எல்லோரும் போடுகிற ஜிங்கையே போடு என்றார் முசியே, போனில். படகு நிற்பது ஆற்று முகத்துவாரம், மழை பெய்தால் பாதி நல்ல தண்ணீர், அதில் ஜிங்க் மேல் வெள்ளையாக ஓடு கட்டிக்கொண்டு வேலை செய்யாது என்று அப்பா வாதாடினார். முதலாளியோடு அவர் வாதாடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கடைசியில் முசியே, "சரி, ஒம் பொறுப்பு" என்று விட்டுவிட்டார். அப்பா அலுமினியத்தை மாட்டினார். அவர் தேர்ந்தெடுத்தது சரி. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் பூஜைக்கு முன் சைக்கிள் மட்கார்டு, தண்ணீர் மோட்டார், கதவுக் கொண்டி என்று எல்லாவற்றுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்துத்தான் பொட்டு வைப்போம். பெயிண்ட் அடிப்பது என் வேலை. அப்பா மேலே தளத்தில் பாயை மடித்துக்கொண்டிருக்க, நான் டப்பாவோடு படகுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். தேய்த்து மினுக்கிய பித்தளை புரொப்பல்லருக்குப் பக்கத்தில் அந்த அலுமினியத் துண்டு மட்டும் மங்கலாக, சொரசொரவென்று இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. இண்டு இடுக்கு விடாமல் இரண்டு கோட் அடித்தேன். நிறமும் ஏறக்குறைய அதே நிறம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. பூஜை முடிந்த மறுநாள் காலை கிரேன் வந்து படகைத் தூக்கித் தண்ணீரில் விட்டது.

பெயிண்ட் அடித்த ஆனோடு எதற்கும் உதவாது. தண்ணீர் அதைத் தொட்டால்தானே அரிக்கும். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இதைப் படித்தேன். அன்று வகுப்பு முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

பொங்கலுக்குப் பிறகு முசியே வந்தார். ஓட்டும்போது படகு உதறியதால் மறுபடியும் கரையேற்றினார்கள். புரொப்பல்லரின் இதழ்கள் செம்பு நிறமாகி, ஓரமெல்லாம் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்தன. பக்கத்தில் ஆனோடு, மாட்டியது மாட்டியபடி மின்னியது. முசியே கத்தவில்லை. ஜிங்க் போடச் சொன்னேனே என்று மட்டும் கேட்டார்.

அப்பா குனிந்து அந்தத் துண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளியாக ஒரு தோல் உரிந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அலுமினியம் போட்டது என் தப்புதாங்க முசியே."

படகைப் பார்க்கும் வேலை வேறு ஆள் கைக்குப் போனது. அலுமினியம் ஆகாது என்பதற்குத் துறைமுகத்தில் அப்பாவைத்தான் உதாரணம் காட்டினார்கள். பிறகு அவருக்குக் கிடைத்தது, சாரம் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை. வருடக்கணக்கில் அதைச் செய்தார். படித்துத் தெரிந்துகொண்டு நான் போய் அழுதபோதும், பழசை எதற்குக் கிளறுகிறாய் என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் படகின் அடியில் எல்லாம் அரித்துக் கிடக்க, நான் பெயிண்ட் அடித்தது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அதற்கு அப்பா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வேலை போய் வீட்டோடு இருந்த மனுஷன், மூன்றாம் நாள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தாம்மா அடிச்சிருந்த" என்றார்.

நானும் போனால் போகிறதென்று அவரை மன்னித்தேன்.